முதுகில் பொறிக்கப்படும் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

உதைபந்தாட்ட வீரர்களின் ஜேர்சிகளில் 'ஜூனியர்' போன்ற பின்னொட்டுகள் பெருகிவருவது குறித்துத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையை வாசித்தேன். தந்தையின் பெயரையே தாமும் கொண்ட பிரேசில் வீரர்களான நெய்மரும் வினிசியஸும் அப்பின்னொட்டால் தம்மைத் தனித்துக் காட்டிக்கொள்கின்றனர். நம் பிள்ளைகள் பலருக்கோ சொந்தப் பெயரே சட்டையில் கிடைப்பதில்லை. தந்தை பெயரைச் சிலர் முன்னும் சிலர் பின்னும் எழுதுகின்ற நம் வழக்கத்தை அறியாமல், படிவத்தில் கடைசியாக உள்ள சொல்லைக் குடும்பப் பெயரெனக் கொண்டு அச்சிட்டுவிடுவதே இதற்குக் காரணம்.

கொழும்பில் நான் பார்த்த பாடசாலைச் சுற்றுப்போட்டியொன்றில், ஒரே அணியில் ஆடிய சகோதரர் இருவரின் முதுகிலும் தந்தையின் பெயரே இருந்தது. தம்பி அடித்த கோலுக்கு ஒலிபெருக்கியில் ஒலித்ததும் அப்பெயர்தான். அந்தச் சிறுவனுக்கு உரிய பாராட்டு அவனுடைய பெயரிலேயே சென்றிருக்க வேண்டும். ஆகவே, பாடசாலைகளும் கழகங்களும் தமது பதிவுப் படிவங்களில் 'சட்டையில் பொறிக்க வேண்டிய பெயர்' எனத் தனிக் கட்டமொன்றைச் சேர்த்து, அதனை வீரரே நிரப்ப இடமளிக்க வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.