பதநீருக்கும் ஒரு பட்டியல் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு இந்திரா நகரில் நல்ல பார்கள் எவை, அங்கேயே பீர் வடித்துத் தரும் கடைகள் எவை என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை முழுதாகப் படித்தேன். எந்தக் கடையில் எதைக் குடிக்கலாம், எந்த நேரத்தில் போனால் இடம் கிடைக்கும் என்றெல்லாம் ரசித்து எழுதியிருந்தார் உங்கள் நிருபர். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதே அக்கறையோடு நம் திருநெல்வேலிப் பக்கமும் ஒருவர் சுற்றி வந்து, நல்ல பதநீர் எங்கே கிடைக்கும் என்று எழுத வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

இந்திரா நகரை நானும் பார்த்திருக்கிறேன். தம்பி மகனுக்கு அங்கேதான் வேலை. 2010இல் வந்த டாய்ட் என்ற பீர்க்கடை தொடங்கி அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட கடைகள் பெருகிவிட்டன. அவற்றில் ஒன்றுக்கு என்னைக் கூட்டிப் போனான். பெரிய பெரிய ஸ்டீல் தொட்டிகள் கடைக்குள்ளேயே நின்றன. பரிமாற வந்த பையன், இது கோதுமையில் செய்தது, இது வறுத்த பார்லியில் செய்தது என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கினான். சின்ன கிளாஸில் ருசி பார்க்கக் கொடுத்து, பிடித்ததைச் சொல்லச் சொன்னான். செய்கிற இடத்திலேயே, செய்த ஆளின் பெருமையோடு ஒரு பானம் கைக்கு வருகிறது. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அந்தப் பெருமை நம் பனையேறிக்கு ஏன் கிடைக்கவில்லை?

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் காலையில் போனால், சீசன் நாட்களில் மரத்தடியில் டிவிஎஸ் எக்ஸெல் நிற்கும். பின்னால் அலுமினியக் கேன், பக்கத்தில் ஒரு கட்டு குருத்தோலை, சாக்கில் நுங்கு. நான் வழக்கமாகக் குடிக்கும் இடத்தில் இருப்பவர் ஓலையை எடுத்து, விரித்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்து மடக்கி, நுனியை ஓலைக்கீற்றாலேயே கட்டிவிடுவார். கண் இமைக்கும் நேரத்தில் பட்டை தயார். அதில் பதநீரை ஊற்றி, நுங்கைப் பெருவிரலால் நோண்டிப் போட்டு நீட்டுவார். இரண்டு கையாலும் ஏந்தித்தான் குடிக்க வேண்டும். குனிந்து வாயை வைக்கும்போது முதலில் வருவது பச்சை ஓலை வாசனை, அப்புறம்தான் இனிப்பு. அடியில் சுண்ணாம்பின் லேசான கார்ப்பு நாக்கில் நிற்கும். இதே பதநீரைக் கண்ணாடி டம்ளரில் குடித்துப் பாருங்கள், பாதி ருசி காணாமல் போயிருக்கும்.

"காலையிலயே வந்திரணும் அண்ணாச்சி. நேரஞ் சென்னா புளிச்சிரும், பொறவு நானே தரமாட்டேன்" என்பார் அவர். அவர் மரமேறுகிற ஆள். வியாபாரத்துக்கென்று வேறு ஆள் கிடையாது. அறுபது எழுபது அடி உயர மரத்தில் காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியை அரிவாளால் மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். சீவல் கொஞ்சம் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கத் தொடங்கிவிடும், கூடினால் குடிக்க முடியாது. அந்த அளவு அவர் கைக்குத்தான் தெரியும். பெங்களூரில் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதைக்கு உரிய கைவேலை இது.

கள் விவகாரத்தை இங்கே கிளப்ப நான் வரவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போனால், கேரளத்தில் அரசு உரிமத்தோடு கள்ளுக்கடைகள் நடக்கின்றன. இங்கே திறப்பதா வேண்டாமா என்பதை அரசு முடிவு செய்யட்டும். ஆனால் அந்தத் தடையின் நிழல் பதநீர் மேலும் விழுந்துவிட்டது. இரண்டும் ஒரே பாளையிலிருந்து வருகிறது என்பதற்காக, சுண்ணாம்புக் கலயத்தோடு வருகிறவரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது சரியில்லை. போதையே இல்லாத, குழந்தைக்கும் கொடுக்கிற பானம் அது.

இன்னொரு பக்கம் போலி. நகரத்துக்குள் ஒரு கடையில் சாயங்காலம் நாலு மணிக்குப் 'புத்தம்புது பதநீர்' என்று பிளாஸ்டிக் பாட்டிலில் கொடுத்தார்கள். வாயில் வைத்ததுமே தெரிந்தது, அது சாக்கரின் கரைத்த தண்ணீர். குடித்து வெகுநேரம் ஆகியும் அந்தக் கசப்பு போகவில்லை. வெளியூரிலிருந்து வந்து நெல்லையில் முதல்முறை பதநீர் கேட்கிற ஒருவருக்கு இதுதான் கிடைத்தால், அவர் மறுபடி கேட்பாரா? எங்கே நல்லது கிடைக்கும் என்று அச்சில் ஒரு பட்டியல் இருந்தால் இந்த ஏமாற்று குறையும். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். டவுன் ரதவீதி, வண்ணார்பேட்டை, சமாதானபுரம் என்று ஒவ்வொரு பகுதியாகப் போய்க் குடித்துப் பார்த்து எழுதுங்கள். மரமேறுகிறவரே விற்கிற இடங்களுக்கு முதலிடம் கொடுங்கள். அவர் சம்மதித்தால் பெயரும் போடுங்கள்.

மாநகராட்சிக்கும் வேளாண் துறைக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். 1999இல் வந்த உழவர் சந்தைத் திட்டம், விளைவித்தவரே நேரடியாக விற்க வேண்டும் என்பதற்காக வந்தது. மகாராஜ நகர் உழவர் சந்தை காலையில்தான் களைகட்டும், பதநீருக்கும் அதுதான் நேரம். பனையேறிகளுக்கும் அங்கே அடையாள அட்டை கொடுத்து, சீசன் முடியும்வரை ஒரு கடை ஒதுக்கினால் என்ன? 2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கப்படும் என்று அறிவித்தார்கள், நல்ல காரியம். ஆனால் இன்று ஊன்றுகிற விதை பாளை விட வருடக்கணக்காகும். அதுவரை இருக்கிற மரத்தில் ஏற ஆள் இருக்க வேண்டுமே. ஏறுகிறவருக்குக் கையில் காசு நின்றால்தான் அவர் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும்.

1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும்வரை உடன்குடியும் நம் மாவட்டம்தான். அந்த ஊர்க் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்பட்டியாவது மாதக்கணக்கில் இருக்கும், சென்னைக்கும் போகும். பதநீரின் ஆயுள் அரை நாள். அதைக் குடிக்க இங்கேதான் வர வேண்டும்.

பங்குனி பிறந்துவிட்டது, பாளைகள் ஊறத் தொடங்கிவிட்டன. ஆடி வந்தால் சீசன் அடங்கிவிடும். பட்டியலைச் சித்திரைக்குள் வெளியிட்டால் இந்த வருடமே பயன்படும். உங்கள் நிருபர் வருவதாக இருந்தால் காலை ஏழு மணிக்குள் கிளம்பி வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.