புள்ளிக்குக் கணக்கு உண்டு, டிக்கெட்டுக்கு இல்லையா?

மோட்டார் பந்தய விதிகளை வகுக்கும் எஃப்.ஐ.ஏ. தலைமைக்கும், ஃபார்முலா 1 கார் பந்தய நிர்வாகத்துக்கும், கிராண்ட் பிரீ பந்தயங்களை நடத்தும் அமைப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மழையாலோ வேறு காரணத்தாலோ பந்தயம் நடக்காமல் போனால், அல்லது பேருக்கு நடந்து முடிந்தால், டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதை விதியாக எழுதி டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான். பலர் பலமுறை கேட்டுச் சலித்த கோரிக்கை. அண்மையில் ஒரு கிராண்ட் பிரீக்குப் போய் நனைந்து, ஒன்றும் பார்க்காமல் திரும்பிய கோபம் இன்னும் ஆறாததால் நானும் எழுதுகிறேன்.

பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் 2021இல் நடந்த பந்தயம் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 29 அன்று என்ன நடந்தது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய பந்தயம். யாரும் யாரையும் முந்தாமல் மெதுவாகப் பின்தொடர வேண்டிய சேஃப்டி காருக்குப் பின்னால் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி காட்டினீர்கள். அப்புறம் ஏறக்குறைய மூன்று மணி நேரக் காத்திருப்பு. மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடி சேஃப்டி கார், மறுபடி சிவப்புக் கொடி. ஒரே ஒரு சுற்றின் முடிவை வைத்து ஓட்டுநர்களில் வெர்ஸ்டாப்பன் முதலிடம், ரஸ்ஸல் இரண்டாமிடம், ஹாமில்டன் மூன்றாமிடம் என்று அறிவித்து, மேடையேற்றி, சாம்பியன் பட்டத்துக்குக் கணக்காகும் புள்ளியில் பாதியும் கொடுத்தீர்கள். ஒரு கார் இன்னொரு காரை முந்தும் காட்சி ஒன்றுகூட அன்று இல்லை. ரசிகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மேடையில் நின்ற ஹாமில்டனே வெளிப்படையாகச் சொன்னார். பணம் திரும்பி வரவில்லை.

என் மனதை அறுப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். முன்னணியில் இருக்கும் கார் இரண்டு சுற்றுக்கு மேல் ஓடியிருந்தாலே பாதிப் புள்ளி கொடுக்கலாம் என்ற பழைய விதி தவறு என்று உங்களுக்கே பட்டது. 2022 சீசனுக்கு விதியைத் திருத்தினீர்கள். சேஃப்டி கார் இல்லாமல் குறைந்தது இரண்டு சுற்றாவது பந்தயம் நடந்திருந்தால்தான் புள்ளி. கால்வாசித் தூரத்துக்குள் நின்றுவிட்டால் வெற்றியாளருக்கு 25க்குப் பதில் 6. பாதியைத் தொடவில்லை என்றால் 13. முக்காலைத் தொடவில்லை என்றால் 19. நியாயமான, தெளிவான அட்டவணை. சில மாதங்களில் எழுதி முடித்துவிட்டீர்கள். இத்தனை தூரம் ஓடினால்தான் அது பந்தயம், அதற்குக் குறைந்தால் அதன் மதிப்பும் குறைவு என்று நீங்களே உங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள்.

அதே அட்டவணையில் கேலரியில் உட்கார்ந்தவருக்கு ஒரு வரி இல்லை. ஓட்டுநரின் பார்வையில் முழுப் பந்தயம் ஆகாத ஒன்று, பணம் கட்டியவரின் பார்வையில் மட்டும் எப்படி முழுப் பந்தயம் ஆகும்?

நான் போன பந்தயத்தைச் சொல்கிறேன். தடத்தின் பெயர் வேண்டாம், இது எங்கும் நடக்கக்கூடியது. காலையிலிருந்தே தூறல். பந்தய நேரம் நெருங்க நெருங்க வலுத்துக்கொண்டே போனது. கூரையில்லாத கேலரி. தொடக்கம் தள்ளிப்போகிறது என்று ஒலிபெருக்கியில் ஒருமுறை சொன்னார்கள். அதற்குப் பிறகு பாட்டு போட்டார்கள். எதிரே இருந்த பெரிய திரையில் கார்களைப் பழுதுபார்த்து டயர் மாற்றும் பிட் லேனில் நிற்கும் கார்களையும், குடை பிடித்த மெக்கானிக்குகளையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். எவ்வளவு நேரம் ஆகும், பிரச்சினை தேங்கிய தண்ணீரா, பாதை கண்ணுக்குத் தெரியவில்லையா, மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லையா, ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து எங்காவது ஒதுங்கலாம் என்றால், வாசலைத் தாண்டினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

எனக்கு முன்வரிசையில் ஒரு அப்பாவும் எட்டு ஒன்பது வயதுப் பெண்ணும். பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் சுருண்டிருந்த அந்தப் பிள்ளை, இன்ஜின் சத்தத்துக்காக மாட்டியிருந்த காதடைப்பானைக் கடைசிவரை கழற்றவில்லை. எந்த நிமிடமும் கார்கள் கிளம்பிவிடும் என்று அப்பா சொல்லியிருந்தார் போல. உதடு நீலம் பாரித்துப்போயிருந்தது. அவர் என்னிடம் திரும்பி, "ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்? ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் இருந்தால் ஃபோனில் இன்டர்நெட் படுத்துவிடும். ரொம்ப நேரம் முயன்று வீட்டிலிருந்த தம்பிக்கு ஒரு அழைப்பு கிடைத்தது.

"டிவில என்னடா சொல்றாங்க?"

"அடுத்த தகவல் இருபது நிமிஷம் கழிச்சுன்னு போட்டிருக்காங்கண்ணே. சேஃப்டி கார் ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்துச்சு, தண்ணி தேங்கியிருக்குன்னு சொல்றாங்க. நீ அங்கதானே இருக்க, உனக்குத் தெரியாதா?"

அவன் சொன்னதை நான் முன்வரிசைக்குச் சொன்னேன். அவர்கள் பக்கத்து வரிசைக்குச் சொன்னார்கள். தடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்த நாங்கள், தடத்தில் நடப்பதை வீட்டிலிருந்த ஒருவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பந்தயத்தை நிறுத்துவதா தொடங்குவதா என்று முடிவெடுக்கும் ரேஸ் டைரக்டரின் அறிவிப்பு ஒளிபரப்பில் நொடியில் வந்துவிடுகிறது. அதே அறிவிப்பை எங்கள் எதிரே இருக்கும் திரையில் போட என்ன செலவு ஆகும்?

கடைசியில் சேஃப்டி காருக்குப் பின்னால் சில சுற்றுகள். அத்தோடு முடித்துவிட்டார்கள். பணம் கேட்டு எழுதியபோது, நிகழ்ச்சி நடந்துவிட்டதால் திருப்பித் தர வழியில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கும் அதே இரண்டு வரிதான் போயிருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மழையில் காரை ஓட்டியே ஆக வேண்டும் என்று எந்த ரசிகரும் கேட்கவில்லை. 2014இல் ஜப்பானின் சுசுகா தடத்தில், மழையில், உயிரைப் பறித்த விபத்து ஓட்டுநர் ஜூல் பியான்கிக்கு நேர்ந்ததை நாங்கள் மறக்கவில்லை. 2023இல் அதே ஸ்பாவில், மழையில், இளம் ஓட்டுநர் டிலானோ வான் ட் ஹாஃப் உயிரிழந்ததையும் மறக்கவில்லை. 300 கி.மீ. வேகத்தில் ஒரு மழை டயர் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கும் என்று டயர் தயாரிக்கும் பைரெல்லி சொல்கிறது. ஒரு காருக்கு நான்கு டயர். பின்னால் வருபவருக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான். அந்த நீர்ப்புகையைக் குறைக்க 2023இல் சில்வர்ஸ்டோன் தடத்திலும் 2024இல் ஃபியோரானோ தடத்திலும் சக்கரங்களுக்கு மூடி போட்டுச் சோதித்தீர்கள். தீர்வு கிடைக்கவில்லை. புரிகிறது, கடினமான பிரச்சினை. 2025 ஸ்பாவில் ஒரு மணி இருபது நிமிடம் காத்திருந்து தொடங்கினீர்கள். சீக்கிரம் தொடங்கியிருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். சந்தேகம் இருந்தால் நிறுத்துங்கள், எத்தனை மணி நேரம் ஆனாலும் நிறுத்துங்கள். நிறுத்தும் முடிவின் செலவை மட்டும் கேலரியின் தலையில் கட்டாதீர்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதியாக இருந்தால், எப்படியாவது இரண்டு சுற்று ஓட்டிக் கணக்கை முடிக்கத்தான் காரை வெளியே அனுப்பினார்கள் என்ற பேச்சும் வராது.

டிக்கெட் விற்பது அமைப்பாளர், எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்று ஃபார்முலா 1 நிர்வாகம் சொல்லக்கூடும். சரி, அப்படியென்றால் லாஸ் வேகாஸ்? அங்கே அமைப்பாளரே நீங்கள்தான். 2023 நவம்பரில் முதல் பயிற்சி ஓட்டம் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. சாலையில் தளர்ந்திருந்த ஒரு வால்வு மூடி ஓட்டுநர் சைன்ஸின் ஃபெராரி காரைக் கிழித்துவிட்டது. இரண்டாவது ஓட்டம் நள்ளிரவைத் தாண்டி 2:30 மணிக்குத்தான் தொடங்கியது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே ரசிகர்களைக் கேலரியிலிருந்து வெளியேற்றிவிட்டீர்கள். வெறும் இருக்கைகளுக்கு முன்னால் கார்கள் ஓடின. அந்த ஒருநாள் டிக்கெட் மட்டும் வாங்கியிருந்தவர்களுக்கு உங்கள் கடையிலேயே பொருள் வாங்க 200 டாலர் கூப்பன். மூன்று நாள் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அதுவும் இல்லை. பந்தயம் பார்க்க வந்தவருக்குத் தொப்பியும் சட்டையும் எதற்கு? அவர் கட்டியது பணம், அவருக்குத் திரும்பி வரவேண்டியதும் பணம்தான்.

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. 2005இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர்கள் அந்தத் தடத்துக்குத் தாங்காது என்று ஆனபோது 14 கார்கள் பந்தயத்துக்கு முந்தைய அறிமுகச் சுற்று முடிந்ததும் ஓடாமல் பிட்டுக்குள் போய்விட்டன. ஆறே கார்கள் ஓடின. ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே மிஷெலின் நிறுவனம் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கு 20,000 டிக்கெட்டுகளை வாங்கித் தருவதாகவும் சொன்னது. டயர் விற்கும் ஒரு நிறுவனம் தன் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டதை, பந்தயத்தையே நடத்துகிறவர்கள் ஏன் ஏற்கக்கூடாது?

அமைப்பாளர்களின் கஷ்டமும் தெரியும். பந்தயத்தை நடத்தும் உரிமைக்காக ஃபார்முலா 1க்கு ஆண்டுதோறும் பெரும் தொகை கட்டுகிறார்கள். ஒளிபரப்புப் பணம் அவர்களுக்குப் போவதில்லை. பெரும்பாலும் டிக்கெட்டை நம்பித்தான் பிழைப்பு. அதனால்தான் முழுச் சுமையையும் அவர்கள்மேல் போடச் சொல்லவில்லை. பந்தயம் சுருங்கினால் நீங்கள் வாங்கும் உரிமைக் கட்டணமும் அதே அளவுக்குச் சுருங்கட்டும். அந்தத் தொகை ரசிகர்களுக்குப் போகட்டும். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்த்தால் முடிகிற வேலை.

எழுத ஆரம்பித்தால் எல்லாம் வருகிறது. ஆண்டுக்கு 24 பந்தயம் வரை கூட்டிவிட்டீர்கள், டிக்கெட் விலையும் கூடிக்கொண்டே போகிறது. கண்ணாடி அறையில் விருந்தினர்களாக வருபவர்களுக்குக் கூரை இருக்கிறது, சூடாகச் சாப்பாடு இருக்கிறது, அவர்கள் முன்னால் ஓட்டுநர்கள் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். புல்மேட்டில் உட்கார்ந்தவர் சேற்றில் வழுக்கி விழுகிறார், கழிப்பறை வரிசையில் ஒரு மணி நேரம் நிற்கிறார். போக முடியாதவர் வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றால், எஃப்1 டிவியின் நேரலை பல நாடுகளில் கிடைப்பதில்லை. விதியைப் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்றால், 2022 சுசுகாவில் மழையால் நின்று, மறுபடி தொடங்கி, பாதித் தூரத்தைச் சற்றே தாண்டி முடிந்த பந்தயத்துக்கு முழுப் புள்ளி கொடுத்தீர்கள். அன்றிருந்த விதிப்படி, மறுபடி தொடங்கி முடிந்த பந்தயத்துக்கு அந்தக் குறைப்பு அட்டவணை பொருந்தாது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. உலக சாம்பியன் ஆகிவிட்டோமா இல்லையா என்று வெர்ஸ்டாப்பனுக்கே அங்கே தெரியவில்லை. மழையில் நின்ற ரசிகருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இவை எல்லாவற்றையும் ஒரே மடலில் தீர்க்க முடியாது. அதனால் கேட்க வந்ததை மட்டும் பணிவோடு மறுபடி கேட்கிறேன்.

புள்ளிக்கு எழுதிய அதே அட்டவணையை டிக்கெட்டுக்கும் எழுதுங்கள். சேஃப்டி கார் இல்லாமல் இரண்டு சுற்றுகூட நடக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்கான பணம் முழுவதும் திரும்ப வேண்டும். கால், பாதி, முக்கால் தூரத்தில் நின்றால் அதற்கேற்ற பங்கு. கூப்பனாக வேண்டாம், குலுக்கல் பரிசாக வேண்டாம், கட்டிய வழியிலேயே பணமாக வரட்டும். பயணச் செலவு, தங்கும் செலவு, போட்ட லீவு எதையும் நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சுமையை நாங்களே சுமந்துகொள்கிறோம். மழையில் காத்திருக்க வைத்தால், ஒளிபரப்பில் வரும் ரேஸ் டைரக்டரின் அறிவிப்பை அதே நொடியில் கேலரித் திரையிலும் போடுங்கள். தொடக்கம் தள்ளிப்போனால் வெளியே போய் ஒதுங்கிவிட்டுத் திரும்பிவர அனுமதியுங்கள்.

பணம் திரும்பக் கிடைக்கும் என்ற விதி வந்தால் நாங்கள் இன்னும் அதிகமாக வருவோம். குழந்தைகளையும் பயமில்லாமல் கூட்டிவருவோம். இந்தப் பந்தயத்தின்மேல் எங்களுக்கு இருக்கும் பிடிப்பு சின்னது இல்லை. மூன்று மணி நேரம் மழையில் உட்கார்ந்தும் எழுந்து போகாதவர்கள் நாங்கள்.

அடுத்த சீசனுக்கான டிக்கெட் விற்பனை தொடங்குவதற்கு முன் இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள். முடியாது என்றால் அதையாவது காரணத்தோடு சொல்லுங்கள். படித்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கேலரியில் உட்காரும் ஒரு ரசிகன்