அப்பாவின் இடது காலுக்காக ஒரு நன்றி மடல்

அப்பா நேற்று யார் கையையும் பிடிக்காமல் வாசல் வரை நடந்தார். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

பர்மாவில் பெகு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நடந்தது தெரியும், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கார்த்திகை அறுப்பு. நெற்கட்டைத் தூக்கும்போது அடியில் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியன் அப்பாவின் இடது காலில் போட்டுவிட்டது. பாட்டி கயிறு தேடினார், சித்தப்பா பிளேடு தேடினார். கோயில் மண்டபத்துப் பையன்கள் இரண்டு பேர் ஓடிவந்து அதையெல்லாம் பிடுங்கிப் போட்டார்கள். கட்டக்கூடாது, கீறக்கூடாது, நடக்க விடக்கூடாது. மூங்கில் பத்தை வைத்துக் காலை அசையாமல் சுற்றி, மூன்று சக்கர வண்டியில் படுக்க வைத்தார்கள். ஒருவன் தள்ளி நின்று பாம்பைப் போனில் படம் எடுத்தான். எனக்கு அப்போது வந்த கோபம்! இந்த நேரத்தில் படமா என்று கத்தினேன்.

தம்பிகளா, ஆடி மாதம் நீங்கள் பாம்புக்கடி பற்றிப் பாடம் எடுத்தபோது பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவள் நான். ரப்பர் பூட்ஸைக் காட்டியபோது, "இதைப் போட்டுக்கொண்டு எவன் அறுப்பான்?" என்று கேட்டதும் நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் போன இடத்தில் விஷமுறிவு மருந்து இல்லை. அங்கிருந்த நர்ஸ் அக்கா கண் கலங்கிவிட்டார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். புத்த மடத்து வண்டியைப் பிக்கு உடனே அனுப்பினார், டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அடுத்த ஆஸ்பத்திரியில் அப்பாவின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்துச் சாய்த்தார்கள், தண்ணீர் மாதிரி ஓடியது, உறையவே இல்லை. நம் நாட்டில் விரியனுக்கு ஒரு மருந்து, நாகத்துக்கு வேறு மருந்து. பாம்பு எது என்று அந்தப் படத்தைப் பார்த்ததும் டாக்டருக்குச் சந்தேகம் இல்லாமல் போய்விட்டது.

மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது, விரியன் விஷம் கிட்னியில்தான் கை வைக்குமாம். அப்புறம் ரங்கூன், டயாலிசிஸ், அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், வராந்தாவில் முறை வைத்துப் படுத்த பிள்ளைகள், தினமும் சோறு கொண்டுவந்த பர்மியப் பக்கத்து வீட்டு அக்கா, பாதியில் நின்ற எங்கள் அறுப்பை முடித்துக் கொடுத்தவர்கள், எல்லாருக்கும் நன்றி.

அப்பாவின் வைத்தியத்துக்காக நடந்த வசூலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதில் பூட்ஸ் வாங்கலாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார் (இத்தனை வருஷமாக வேண்டாம் என்று அடம்பிடித்தவர்). வயலில் இறங்குகிறவர்கள் கால் அளவைப் பையன்களிடம் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு ஒன்பது.