தராசு தவறினால் யாரிடம் கேட்பது?

ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவே நடத்தும் கடைகள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2025இல் ஆந்த்ரோபிக் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் ஒரு சிறுகடையைத் தன் கிளாட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் விட்டுப் பார்த்தது. கேட்டவருக்கெல்லாம் தள்ளுபடி கொடுத்து, உலோகக் கட்டிகளை வாங்கிய விலைக்கும் குறைவாக விற்று அது நட்டப்பட்டது. சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அங்கே நட்டம் நிறுவனத்துக்கு. இங்கே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுப்பதை ஒரு மென்பொருளிடம் விட்டால் நட்டம் யாருக்கு?

வேலை போய்விடும் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். சரிவில் நின்று இரண்டு இலையும் மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளும் இயந்திரம் வர நாளாகும். கணக்கும் மேற்பார்வையும்தான் முதலில் கைமாறும். பதில் சொல்லும் பொறுப்பும் அதோடு காணாமல் போகும். எங்கள் தோட்டத்தில் மின்னணுத் தராசு வந்த புதிதில், அம்மாவின் கொழுந்து நிறை குறைவாகக் காட்டி அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டார்கள். கேட்டதற்கு, "மெஷின் காட்டுறதத்தான் எழுதுறோம்" என்றார் கணக்கப்பிள்ளை. முன்பென்றால் அம்மா சண்டை பிடித்தாவது திரும்ப நிறுக்க வைத்திருப்பார்.

நிறையையும் நாள் பேரையும் மென்பொருள் கணிக்கும் இடங்களில், தொழிலாளி கேட்டால் அவர் முன்னிலையிலேயே மறுபடி நிறுக்க வேண்டும், தமிழில் துண்டுச்சீட்டு கொடுக்க வேண்டும், அதில் ஒரு பொறுப்பதிகாரி கையொப்பமிட வேண்டும் எனத் தொழில் திணைக்களம் விதி கொண்டுவரலாம். தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் இதையும் சேர்க்கட்டும்.

தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
பொகவந்தலாவை