எந்த வழின்னு எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். ஏப்ரல் 15-லேர்ந்து தடைக்காலம், ஜூன் 14 வரைக்கும் நாகையில விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. முன்னாடியே காயவச்ச நெத்திலிக் கருவாட்டை வித்துத்தான் ஓட்டுறேன். உனக்கும் ஒரு பொட்டலம் கட்டி வச்சிருக்கேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி 8 மணிக்குக் கப்பல்ல வாட்ச் டூட்டின்னு சொன்னியே, அதுக்கு முன்னாடி சாப்பிட்டுடு.

செங்கடல்ல கப்பல் மேல ஏவுகணை விட்டதை டிவியில மறுபடி காட்டினாங்க. நீங்க ஆப்பிரிக்காவைச் சுத்திப் போறீங்களா, செங்கடல் வழியாவான்னு மாமாவுக்குத் தெரியுமாம். அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு நீ சொல்லி வச்சியாம். மாமா வாயே திறக்கமாட்டேங்கறான்.

நான் பயந்துடுவேன்னு நினைச்சியா? 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் உன்னைத் தனியா வளர்த்தவ நான். அந்தத் தார் ஷீட்டுக் கொட்டகை மத்தியானத்துல அடுப்பு மாதிரி கொதிக்கும். உன் தூளி மேல புடவையை நனைச்சுப் போடுவேன், காய்ஞ்சதும் மறுபடி நனைப்பேன். நாலு வயசு உனக்கு. அலைச் சத்தம் கேட்டா என் கழுத்தைக் கட்டிக்கிட்டு விடமாட்ட. அந்தப் பிள்ளைதான் பன்னெண்டாவது முடிச்சதும் கப்பல் படிப்புதான் வேணும்னு நின்னுச்சு. அப்பனைக் கொண்டுபோன கடலுக்கு மகளையும் அனுப்புவியான்னு உன் பெரியப்பா கேட்டார். பேங்க் கடன் தாள்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன். இன்னைக்குக் கேட்டாலும் போடுவேன்.

தேர்டு ஆபீசர்னு தோள்ல பட்டையோட நீ நிக்கிற போட்டோவை ஏலம் விடுற இடத்துல காட்டாத ஆள் இல்ல. உங்கப்பா நட்சத்திரம் பார்த்துத் திசை பிடிச்சவர். அதே நட்சத்திரத்தைக் கருவியில பிடிச்சுக் கணக்குப் போடுறேன்னு நீ சொன்னப்ப எனக்குப் பேச்சே வரல. அம்புட்டுத் தைரியம் உள்ளவ அம்மாகிட்ட மட்டும் மறைக்கலாமா?

வேலையை விட்டுட்டு வான்னு நான் சொல்லமாட்டேன். அபாய மணி அடிச்சா கேப்டன் சொல்ற இடத்துக்கு ஓடிடு. போன், பர்ஸ் எதையும் எடுக்கத் திரும்பாதே. முதல் அலை வடிஞ்சதும் உங்கப்பா படகுக் கயித்தைப் பார்க்கப் போனதைச் சொல்லியிருக்கேன்ல. திரும்பாதே பாப்பா, எதுக்காகவும் திரும்பாதே.

எதிர்வீட்டுத் தம்பி இதைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்புல போடுறேன்னான். நெட் கிடைச்சதும் எந்த வழின்னு ஒரு வரி எழுது. மாமாவுக்கு வேண்டாம், எனக்கே எழுது. எந்த வழியா இருந்தாலும் எழுது.

அம்மா