மண்ணு மைதானமே போதும், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் அங்கே பந்து விளையாடச் சேர்ந்திருக்கிறான் என்ற பகுதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 1987-லேயே டாடா கால்பந்து அகாடமி தொடங்கிய ஊர் ஜாம்ஷெட்பூர். அங்கே வளர்கிற பையனுக்கு ஆட்டம் தானாக ஒட்டிக்கொள்ளும். இங்கே எல்லோரும் சௌக்கியம். தென்னையில் வெள்ளை ஈ தொல்லை மட்டும் தீரவில்லை.

கடைசியில், நம் கால்பந்து கிளப்புக்கு யாரோ டர்ஃப் போடப்போகிறார்களாமே என்று கேட்டிருந்தாய். யாரோ இல்லை, நம் பழைய டீமில் லெஃப்ட் விங்கில் ஆடினவன்தான். ஊருக்கு வெளியே இருக்கிற தன் நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கிறேன் என்கிறான். செயற்கைப் புல்லும் லைட்டும் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் கிளப்பை அகாடமியாக நடத்தலாம் என்பது அவன் யோசனை. நல்ல மனசோடுதான் சொல்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்ல, நீ இங்கிருந்து போன பிறகு நடந்ததையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

ஆரம்பம் உனக்குத் தெரியும். 1990 ஜூன் 8, ராத்திரி ஒன்பதரை மணி, பஞ்சாயத்து டிவியில் உலகக் கோப்பைக் கால்பந்து. கேமரூன் ஒன்பது பேரோடு ஆட்டத்தை முடித்து, உலகச் சாம்பியனாக இருந்த அர்ஜென்டினாவை 1-0 என்று வீழ்த்தியது. மறுநாள் காலையில் ஊரில் கிரிக்கெட் பேட்டைத் தொட ஆளில்லை. ஆனால் டிவி பார்த்ததால் மட்டும் கிளப் பிறந்துவிடவில்லை. மாஸ்டர் இருந்தார், அதனால் பிறந்தது.

மாஸ்டரை இப்போதைய பசங்களுக்குப் புரியவைக்க, நான் மில்லில் இருந்து ஆரம்பிப்பேன். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோயமுத்தூரைச் சுற்றிப் பஞ்சாலைகள் மளமளவென்று பெருகின. காட்டு வேலைக்குப் போன குடும்பங்கள் ஷிப்டு வேலைக்கு வந்தன. ஷிப்டு முடிந்து சங்கு ஊதினால், சாயங்காலம் ஒன்று கையில் மிச்சமிருக்கும். விவசாயத்தில் அப்படி ஒரு நேரமே கிடையாது. மில் டீம்கள் அந்தச் சாயங்காலத்தில் வளர்ந்தவை. மாஸ்டர் மில்லில் ஃபிட்டர், மில் டீமில் கோலைக் காக்கிற பேக். முதல் ஷிப்டு முடித்து, பஸ் பிடித்து, எண்ணெய்க் கறை படிந்த கையோடு நமக்குச் சொல்லிக்கொடுக்க வருவார். மில்லில் கழித்துப்போட்ட பழைய பந்துதான் நம் முதல் பந்து.

அப்புறம் மில் மூடியது. மைதானத்தில் சைட்டு போட்டு விற்றுவிட்டார்கள். கோவை, திருப்பூர் பக்கம் எத்தனையோ ஊரில் இதே கதைதான். மாஸ்டருக்கு வேலை போன வருத்தத்தைவிட மைதானம் போன வருத்தம் பெரிது. அந்தப் பக்கம் பஸ் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதற்குப் பிறகு குளம். மழை பொய்த்த வருடங்களில் காய்ந்து கிடந்த நம் குளத்துக்குள் சீமைக்கருவேலத்தை வெட்டி, கோடு கிழித்து விளையாடினோமே, அங்கேதான் நம் டீம் டீமாக ஆனது. ஒரு சேதி சொல்லட்டுமா? இப்போது அந்தக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது. நம் அப்பன்மார்கள் அறுபது வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவிட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானித் தண்ணீரை எடுத்து, 1,045 குளம் குட்டைகளுக்கு பம்ப் செய்கிறார்கள். நம்முடையதும் அதில் ஒன்று. நாம் கோல் போஸ்ட் நட்ட இடத்தில் இப்போது நாரை நிற்கிறது. ஊரே கரையில் போய் நின்று பார்த்தது, நானும் பார்த்தேன். மைதானம் போனதே என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

அதற்கு ரொம்ப முன்னாலேயே நாங்கள் அரசுப் பள்ளி மைதானத்துக்கு மாறிவிட்டோம். பள்ளி விட்ட பிறகு நாங்கள் விளையாடலாம், பதிலுக்கு மைதானத்தைக் கூட்டிச் சுத்தம் செய்து, பள்ளி டீமுக்கும் நாங்களே பயிற்சி கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. செம்மண் தரை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தால் உயரத் தூக்கின பந்து எங்கே இறங்கும் என்று அடித்தவனுக்கே தெரியாது. அதனால் நம் பிள்ளைகள் பந்தைத் தரையோடு தள்ளி, பாஸ் பாஸாகக் கொண்டுபோகப் பழகியிருக்கிறார்கள். வெளியூர்க் கோச்சுகள் பார்த்துவிட்டு, யார் இப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள். பாதி மாஸ்டர், பாதி காற்று.

மாஸ்டர் போட்ட ஒரே சட்டம் இன்னும் நடக்கிறது: கிளப்பில் விளையாடிப் பெரியவனானவன் வாரத்தில் ஒரு சாயங்காலம் சின்னவர்களுக்குக் கொடுக்க வேண்டும். கோப்பைகள் கொஞ்சம் வந்தன, அதை நான் எண்ணுவதில்லை. இந்தச் சட்டத்தால்தான் கிளப் முப்பது வருடம் தாண்டியும் நிற்கிறது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறவன், லாரி ஓட்டுகிறவன், பாங்கில் வேலை பார்க்கிறவன் எல்லோரும் வருகிறார்கள். இரண்டு பேர் கோச்சாவதற்கான டி லைசென்ஸ் பயிற்சியும் முடித்துவிட்டார்கள். வந்தவர்கள் நிறைய மாற்றினார்கள். எட்டு வயதுக் குழந்தைக்குச் சின்ன அளவான மூன்றாம் நம்பர் பந்து, பன்னிரண்டு வரை நாலாம் நம்பர், அதற்கு மேல்தான் ஐந்து. நாம் எல்லாருமே ஐந்தாம் நம்பரில்தான் ஆடினோம். 410 முதல் 450 கிராம் வரை எடையுள்ள பந்தைச் சின்னப் பிள்ளை தலையில் வாங்குவதை நினைத்தால் இப்போது பதறுகிறது. இங்கிலாந்தில் 2020-லேயே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சியில் தலையால் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நம் கிளப்பிலும் சின்னவர்களுக்கு அது கிடையாது.

பெரிய ஆட்டமும் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். 2017-ல் பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது மூத்த பசங்களை ரயிலில் கொச்சிக்குக் கூட்டிப்போனோம். பிரேசில் 2-1 என்று ஸ்பெயினை ஜெயித்த ஆட்டம். நம்ம வயசுடா இவனுங்களுக்கு, என்று ஒருத்தன் சொல்லிக்கொண்டே இருந்தான். அதைவிடப் பெரிது 2019 மார்ச் 9. சென்னை சிட்டி அணி நம் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் என்ற தேசியப் போட்டியில் ஆடியது உனக்குத் தெரிந்திருக்கும். கடைசி நாள், ஜெயித்தால் பட்டம். மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்ஸி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு போட்டு 3-1. கோயமுத்தூரில் ஒரு தேசியப் பட்டம்! டவுன் பஸ்ஸில் திரும்பும்போது பசங்களுக்குத் தொண்டையே இல்லை. இன்றைக்கு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. மேலே இருந்து வருகிற பெரிய அணி வரும், போகும். அது பிள்ளைகளுக்குக் கொடுத்த ஆசையை வைத்து நடத்த, கீழே ஊரில் ஒரு மைதானம் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் வந்ததைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தீராது. 2018-ல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி முதன்முறையாக சீனியர் தேசியப் பட்டம் வாங்கியது, 2023-ல் மறுபடியும். முதல் செய்தி பேப்பரில் வந்த வாரமே இரண்டு அம்மிணிகள் வந்து நின்றார்கள். அம்மாக்கள் கம்பெனி ஷிப்டு முடித்து வருவதற்குள் இருட்டிவிடும், அதனால் அவர்களுக்குப் பயிற்சியை விடியற்காலைக்கு மாற்றினோம். உடை மாற்ற ஒரு அறையும் கழிவறையும் கட்டின பிறகுதான் நிறையப் பேர் தங்கினார்கள். இன்று ஒருத்தி விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். சனிக்கிழமை வந்து சின்னவர்களை அதட்டி மேய்க்கிறாள், பார்க்க வேண்டும் நீ.

அப்புறம் வடக்கே இருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட். 2020 ஊரடங்கில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனபோது நம் அண்டர்-12 டீமே கலைந்துவிட்டது. திரும்பி வந்தவர்கள் முதலில் வீட்டைத் தேடினார்கள், அடுத்து மைதானத்தைத் தேடினார்கள். தமிழ் தெரியாத பையன்கூடப் பத்தாம் நாள் “மாமா, இங்க போடு” என்று கத்துகிறான். இவர்களிடம் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் ஃபீஸ் கேட்டால் யார் வருவார்கள்?

டர்ஃப் யோசனையில் எனக்கு உறுத்துவது அதுதான். வாடகைக்கு நல்ல கிராக்கி இருப்பது சாயங்காலம் ஐந்தரைக்கு மேல். பிள்ளைகளுக்கும் அதே நேரம்தான். காசு கொடுத்து வருகிறவர்களுக்கு இடம் விடச் சொல்லித்தான் நிர்வாகம் பேசும், அது யாருடைய தப்பும் இல்லை, கணக்கு அப்படி. வெயில் நேரத்தில் விளையாடச் சொல்லலாமா என்றால், செயற்கைப் புல் பகலில் மண்ணைவிட மோசமாகச் சூடேறும், நம் சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது. பெரும்பாலும் ஐந்து பேர், ஏழு பேர் ஆடுகிற அளவுக்குத்தான் போடுகிறார்கள். பதினொரு பேர் ஆட்டத்துக்கு நம் பசங்க எங்கே போவார்கள்? ஏற்கெனவே பதினாறு வயதுப் பசங்களைப் பாலக்காடு, மலப்புறம் பக்கம் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் போட்டிகளுக்குக் காசு கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். செவன்ஸில் கால் சுறுசுறுப்பாகும், மறுக்கவில்லை. ஆனால் வளர்கிற முட்டியோடு ராத்திரி ராத்திரியாக ஆடிவிட்டு நொண்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நிலத்தை அவன் கொடுக்கட்டும். மண் மைதானமாகவே கொடுக்கட்டும். முழு அளவில் ஒரு கிரவுண்டு, ஒரு போர்வெல், கொஞ்சம் அருகம்புல், இரண்டு லைட்டு. அதற்கான செலவைப் பழைய ஆட்கள் எல்லோரும் பிரித்துக்கொள்கிறோம், அவன் பெயரையே வைக்கிறோம். இதை நான் சொன்னால் பழமை பேசுகிறேன் என்கிறான். சின்ன வயதிலிருந்து நீ பாஸ் கொடுத்தால்தான் அவன் ஓடுவான். சித்திரைக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்கிறான், அதனால் இந்த வாரமே போன் பண்ணிப் பேசு.

இன்னொரு வேலையும் உன்னால்தான் ஆகும். நம் அண்டர்-13 கோல்கீப்பர் சாய்பாசா பக்கத்துப் பையன், உன் ஊருக்குக் கிட்டத்தான். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அவனைப் போட்டிக்குப் பதிவு செய்ய முடியவில்லை. பிறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் அதிகாரியிடம் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். அவன் அப்பாவால் கம்பெனியில் லீவு போட்டு அவ்வளவு தூரம் போய் அலைய முடியாது. அவர் கையெழுத்துப் போட்ட மனுவும், கிராமம், பிளாக் விவரமும், தடுப்பூசி அட்டை நகலும் இதோடு அனுப்பியிருக்கிறேன். ஒரு ஞாயிறு அந்த கிராமத்துக்குப் போய்ப் பாட்டியைப் பார்த்துவிட்டு, அப்புறம் வார நாளில் பிளாக் ஆபீஸில் விசாரி. உனக்கு இந்தி வரும், அவர்கள் பேச்சும் கொஞ்சம் புரியும். ஜூனில் பதிவு, அதற்குள் கிடைத்துவிட்டால் இந்த வருடமே அவனை இறக்கிவிடலாம்.

அன்புடன்,
உன் மச்சான்