75 கிரெய்ன் துப்பாக்கிக் குண்டுப் பெட்டியில் தவறான முறுக்கு அளவு: புகார்

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் 0.224 அங்குல விட்டமும் 75 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) எடையும் உள்ள துப்பாக்கிக் குண்டை நான்கு ஆண்டுகளாக இலக்குப் போட்டிகளுக்கு வாங்கி வருகிறேன். சென்ற மாதம் வாங்கிய பெட்டியில் ஈயம் இல்லை, முழுக்கச் செம்பு. எடை மாறவில்லை. "9 அங்குல முறுக்குக்கு ஏற்றது", அதாவது குழலுக்குள் உள்ள சுருள் வரிகள் 9 அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் போதும், என்ற பழைய வரியும் மாறவில்லை. என் புகாரே அந்த வரியைப் பற்றியதுதான்.

100 மீட்டரில் பத்து முறை சுட்டேன். மூன்று குண்டுகள் தாளையே தொடவில்லை. தாளில் பட்ட ஏழில் நான்கு, வட்டத் துளைக்குப் பதிலாகப் பக்கவாட்டில் படுத்து விழுந்த நீளமான கிழிசல்கள். ஒன்றில் குண்டின் முனையும் வாலும் அச்சு எடுத்ததுபோல் தெரிகின்றன. தாளை இணைத்திருக்கிறேன்.

இதைத் தெரிவித்தபோது, குழல் தேய்ந்திருக்கலாம் என்று உங்கள் அலுவலர் பதில் எழுதினார். அதே காலையில், அதே குழலில் சுட்ட 69 கிரெய்ன் ஈயக் குண்டுகள் ஐந்தின் துளைகளையும் கட்டைவிரல் நகத்தால் மூடிவிடலாம். தேய்ந்த குழல் ஆள் பார்த்து நடந்துகொள்ளுமா? இருந்தாலும் சந்தேகம் வேண்டாம் என்று முறுக்கை அளந்தேன். துடைப்புக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே தள்ளி, கம்பியில் இட்ட குறி ஒரு முழுச் சுற்று வரும்வரை சென்ற தூரத்தைப் பார்த்தேன். முதல் முறை துணி வழுக்கிவிட்டது. அதன்பின் இரண்டு முறையும் 9 அங்குலமே வந்தது.

பிறகு நீளத்தை நுட்பமாக அளக்கும் வெர்னியர் கருவியை எடுத்தேன். பழைய பெட்டியில் மிஞ்சியிருந்த ஈயக் குண்டின் நீளம் 0.98 அங்குலம். புதிய செப்புக் குண்டு 1.105. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்புக்கு 9-க்குச் சற்றுக் குறைவு. அதே விட்டத்தில் அதே எடை வேண்டுமென்றால் குண்டு நீளத்தான் செய்யும். நீண்ட குண்டை நிலையாகப் பறக்கவைக்க வேகமான சுழற்சி வேண்டும், அதாவது முறுக்கின் அங்குலம் குறைய வேண்டும். இங்கிலாந்தின் உல்விச் இராணுவக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்த கிரீன்ஹில் 1879-இல் தந்த சூத்திரத்திலேயே விட்டமும் நீளமும்தான் இருக்கின்றன. குண்டின் எடைக்கு அதில் இடமே இல்லை.

குண்டு நிலையாகப் பறக்குமா என்று கணிக்க இப்போது பலரும் பயன்படுத்தும் மில்லர் விதியில், விநாடிக்கு 2,800 அடி வேகம் என்று வைத்துக் கணக்கிட்டேன். 9 அங்குல முறுக்கில் பழைய குண்டின் நிலைத்தன்மை எண் 1.41. புதியதற்கு 0.99. ஒன்றுக்குக் கீழே போனால் குண்டு தலைகுப்புற உருளும், 1.5 இருந்தால் நிம்மதி. குளிர்காலக் காலையில் காற்று அடர்த்தியாக இருக்கும்போது இந்த எண் இன்னும் இறங்கும். 8 அங்குல முறுக்கில்கூட 1.26தான் வருகிறது. இந்தக் குண்டுக்கு ஏற்றது 7 அங்குலம், அதில் 1.64.

வேகத்தைக் கூட்டிப் பார்க்கும்படியும் அதே பதிலில் இருந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. அந்த விதியில் வேகத்தின் கனமூலம்தான் கணக்கில் சேரும். வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்றினால் எண் மூன்று சதவீதம் ஏறும். 1.5-ஐத் தொட ஏறத்தாழ மூன்றரை மடங்கு வேகம் வேண்டும். அதற்கு முன்பே துப்பாக்கியும் என் முகமும் என்னவாகும் என்று உங்கள் அலுவலர் யோசித்தாரா? யாராவது நம்பிச் செய்து பார்ப்பதற்குள் அந்த அறிவுரையை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள்.

பெட்டியின் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். கடைகளில் இருக்கும் பெட்டிகளில் சரியான முறுக்கு அளவை ஒட்டுங்கள். எடைக்குப் பக்கத்திலேயே நீளத்தையும் அச்சிடுங்கள். அளந்து பார்க்க வெர்னியர் எல்லார் வீட்டிலும் இருக்காது. மீதமுள்ள 90 குண்டுகளையும் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்து எடுத்துப் போகலாம். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்